பந்தில்லாமல் வாங்கிய மட்டை

பேஸ்பால் மட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் மைதானத்தில் பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். சினிமாவில் அடியாள் கையிலோ, யாராவது காரின் சீட்டுக்கு அடியிலோதான் நம்மில் அதிகம் பேர் பார்த்திருக்கிறோம். நானும் அப்படித்தான். என் மகள் பள்ளி அணியில் சேரும்வரை அதை வைத்து ஒரு பந்தை அடிப்பார்கள் என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது. ஒருத்தி பந்தை எறிவாள், ஒருத்தி உருண்டை மட்டையைச் சுழற்றி அடிப்பாள், அடித்துவிட்டு மூலைக்கு மூலை ஓடுவாள். கிரிக்கெட் மாதிரி பந்து தரையில் குத்தி வராது. இன்றைக்கும் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் அருமனைப் பக்கம் வாழைக்குலை வியாபாரம் செய்கிறவன். தோட்டங்களில் விலை பேசி, குலை வெட்டி, குழித்துறைச் சந்தையில் கொண்டு இறக்குவேன். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. என் வீட்டுக்கு அடுத்த வீடு என் தம்பியுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் அயனி என்கிற ஒரு காட்டுப்பலா மரம் நிற்கிறது. எல்லையை எங்கள் பக்கம் அதிர்த்தி என்போம். அந்த மரம் என் அதிர்த்தியில் நிற்கிறது என்று நான் சொல்வேன், தன்னுடையதில் நிற்கிறது என்று அவன் சொல்வான். அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு நாள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். சர்ச்சில்கூட அவன் வலப்பக்கம், நான் இடப்பக்கம்.

பிள்ளைகள் மட்டும் பேசிக்கொண்டார்கள். என் மகளும் அவன் மகளும் ஒரே வகுப்பு, ஒரே அணி. அவன் மகள் பந்து எறிகிறவள். ஒல்லியான பிள்ளை, ஆனால் அவள் கையிலிருந்து பந்து புறப்பட்டால் விசில் மாதிரி சத்தம் வரும். என் மகள் அடிக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ரோட்டோரக் காலிமனையில் அவள் எறிவாள், இவள் கிடைத்த கம்பை வைத்து அடிப்பாள். அதைப் பார்க்காதது போல நாங்கள் இரண்டு அப்பாமாரும் இருந்துகொள்வோம்.

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் நாள் நெருங்கியது. பள்ளியில் இருந்த ஒரே மட்டை நசுங்கிக் கிடந்தது. எறிகிறவளும் தன் முறை வந்தால் அடிக்க வேண்டும், அதனால் சொந்தமாக ஒன்று வாங்கினால் இரண்டு பிள்ளைகளுக்கும் உதவும் என்று விளையாட்டு டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். மகள் வந்து சொன்னாள்.

"அப்பா, ஒன் பீஸ் அலாய் பேட்தான் வாங்கணுமாம். வேற எதும் வாங்கப்பிடாதுன்னு டீச்சர் சொன்னாவ."

"ஒரு பீஸ் போதும்லா? நான் என்ன ரெண்டா வாங்கப் போறேன்?" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துவிட்டாள். நான் நிஜமாகத்தான் சொன்னேன். கடையில் ஒரு பீஸ் என்றால் ஒரு எண்ணம், அதாவது ஒன்றே ஒன்று. வேறு பொருள் அதற்கு உண்டு என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் சந்தை முடிந்ததும் குழித்துறையில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் கேட்டேன். கிரிக்கெட் மட்டை அடுக்கடுக்காக இருந்தது. "பேஸ்பால் பேட்டா? அது கார் சாமான் கடையில கேளுங்க அண்ணே," என்று கைகாட்டினான் அந்தப் பையன். அலாய் என்ற சொல் கார் சக்கரத்துக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால் அவன் சொன்னது எனக்குப் பொருத்தமாகவே பட்டது.

கார் சாமான் கடையில் மேலே வரிசையாகக் கண்ணாடிகள் தொங்கின. சீட் கவர், ஹாரன், வாசனை டப்பா. மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கறுப்பும் சிவப்புமாக மட்டைகள் நின்றன, கடையில் குடை வைத்திருப்பது போல.

"ஒரு பீஸ் அலாய் பேட் வேணும்."

"ஒரு பீஸ் போதுமா அண்ணே? ஜோடியா எடுத்தா குறைச்சுத் தாறேன்." கடைக்காரன் ஒரு கறுப்பு மட்டையை உருவி என் கையில் தந்தான். "வீசிப் பாருங்க. காத்து வெட்டுதான்னு பாருங்க."

வீசினேன். மேலே தொங்கிய கண்ணாடிகள் எல்லாவற்றிலும் மட்டை ஓங்கிய ஒரு ஆள் தெரிந்தான். அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. சட்டென்று கையை இறக்கிவிட்டேன்.

எங்கள் ஊர் ஆட்டோக்காரன் ஒருவன் ஹாரன் மாற்ற அங்கே வந்திருந்தான். என் தம்பிக்கு நெருங்கிய கூட்டாளி. பார்த்துவிட்டு இளித்தான்.

"அண்ணே, பேட் வாங்கியாச்சு. பந்து வேண்டாமா?"

கடைக்காரனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கடை தொறந்த நாள்ல இருந்து பேட் விக்கேன். ஒருத்தனும் இதுவரைக்கும் பந்து கேட்டதில்ல!"

எல்லோரும் சிரிக்கும்போது நாமும் சிரித்துவிடுவோம் அல்லவா? நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "பந்து அங்க ரெடியா இருக்கு."

பள்ளியில் பந்து இருக்கிறது என்பதைத்தான் அப்படிச் சொன்னேன்.

மட்டையைச் செய்தித்தாளில் சுற்றி, குலை வெட்டும் கத்தியோடு சேர்த்து பைக்கில் கட்டினேன். ஊருக்குள் வந்தபோது டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மழை வரப்போகிறது, வானத்தைப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு முன்னால் அந்த ஆட்டோ ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது.

அடுத்த நாள் காலையில் தம்பி மகள் பள்ளிக்கூட வேன் ஏற வரவில்லை. தம்பி அவளைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் போனான். சாயங்காலம் மகள் அழுதுகொண்டே வந்தாள். மட்டையைத் தரையில் போட்டாள். அது விழுந்தபோது உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டது.

"டீச்சர் இத கிரவுண்டுக்குள்ளயே கொண்டு வரப்பிடாதுன்னுட்டாவ. இது ஒன் பீஸ் இல்லியாம்."

"ஒரு பீஸ்தானே மக்ளே இருக்கு?"

அவள் கைப்பிடியின் ரப்பரைச் சுருட்டிக் காட்டினாள். கைப்பிடி தனி, அடிக்கும் பகுதி தனி. நடுவில் பசை வைத்துச் சொருகியிருந்தார்கள். ஒன் பீஸ் என்றால் பிடியிலிருந்து முனைவரை ஒரே உலோகம், ஒட்டே இருக்கக்கூடாது. வேகமாக வரும் பந்தில் இந்த மட்டை பட்டால் தலை கழன்று பறக்கும், எதிரே நிற்கிற பிள்ளையின் முகத்தில் போய் விழலாம் என்று டீச்சர் சொன்னாராம். எதிரே நின்று பந்து எறிகிறவள் யார்? என் தம்பி மகள்.

"அதுக்கா அழுத? மாத்தி வாங்கிரலாம் மக்ளே."

"அதுக்கில்ல." அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அவ இனி வரமாட்டாளாம். செலக்‌ஷனுக்கும் சித்தப்பா விடமாட்டாவளாம். நீங்க அவிய அப்பாவ அடிக்கத்தான் இத வாங்கியிருக்கியன்னு சொன்னா. நெசமாப்பா?"

என் மகள் என்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறாள். நெசமாப்பா என்று அவள் கேட்டதுபோல ஒன்றை நான் கேட்டதில்லை. அவளுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. அதனால்தான் கேட்டாள்.

நேராகத் தம்பி வீட்டுக்குப் போனேன். கேட்டில் பூட்டு தொங்கியது. பகலில் அந்த கேட் பூட்டி நான் பார்த்ததில்லை. கூப்பிட்டதும் அவன் வந்தான், ஆனால் கேட்டுக்கு அருகே வரவில்லை. கையில் போன் இருந்தது.

"அங்ஙனயே நில்லு. ஒரு அடி வச்சா போலீசுக்கு அடிச்சிருவேன்."

"லேய், அந்த பேட் பிள்ளைக்கு வாங்குனது."

"பிள்ளைக்குன்னா பந்து எங்க?"

"பந்து பள்ளிக்கூடத்துல இருக்கு."

"பள்ளிக்கூடத்துலயா?" அவன் தன் தலையில் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினான். "பந்து அங்க ரெடியா இருக்குன்னு சிரிச்சிட்டே பறைஞ்சியாமே? இந்தா, இதுதானே ஒனக்கு பந்து?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சொன்னது என் வாய்தான், சொன்ன வார்த்தையும் அதுதான், சிரித்ததும் உண்மை. பொருள் மட்டும் வேறு. அதை எப்படிக் காட்டுவது? நான் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி ஒலித்தது.

வீட்டுக்குள்ளிருந்து அவன் மகள் சத்தம் போட்டாள். "அப்பா, பந்து பள்ளிக்கூடத்துலதான் இருக்கு! டீச்சர் பூட்டி வச்சிருக்காவ!"

"ஏட்டி, நீ சும்மா இரி!" என்று அவன் உள்ளே பார்த்துக் கத்தினான். அவன் திரும்பிய அந்த நேரத்தில் பார்த்தேன், ஓடி உள்ளே ஏறத் தயாராக ஒரு கால் வாசற்படியில் இருந்தது. அவன் சண்டைக்கு நிற்கவில்லை. பயந்து நின்றான். சின்ன வயதில் நாய் துரத்தினால் என் முதுகுக்குப் பின்னால் வந்து ஒளிகிறவன், இப்போது என்னைப் பார்த்துப் பயந்து நின்றான்.

மறுநாள் கறுப்பு மட்டையைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"விளையாடவா?" கடைக்காரனுக்கு நம்ப முடியவில்லை. "முதல்லயே சொல்லக்கூடாதா அண்ணே? இதுல யாராவது விளையாடுவாவளா?" பணம் தர மாட்டேன் என்றான். பதிலுக்கு ஒரு ஹெல்மெட் தந்தான்.

டீச்சருக்கு மகள் மூலமாக எல்லாம் தெரிந்துவிட்டது. அவர் என் தம்பிக்குப் போன் செய்தார். உங்கள் மகள் இல்லாவிட்டால் பந்து எறிய ஆளில்லை, நாகர்கோவிலில் எனக்குத் தெரிந்த கடை இருக்கிறது, மட்டை இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான், இருவரும் வந்து பிடித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொன்னாராம். தம்பி சம்மதித்ததற்குக் காரணம் வேறு. அது விளையாட்டுச் சாமான்தானா என்று அவன் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை நான் மகளை ஏற்றிக்கொண்டு முன்னால் போனேன். கண்ணாடியில் பார்த்தால் அவன் ஸ்கூட்டர் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. நான் வேகம் குறைத்தால் அவனும் குறைத்தான். வழியில் மகள் ஒரு தடவை பின்னால் திரும்பிக் கை காட்டினாள். அந்தப் பிள்ளையும் தன் அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து கை காட்டியதாம்.

கடையில் டீச்சர் காத்திருந்தார். மட்டைகளை மேசைமேல் பரப்பினார்கள். ஒட்டுள்ளதும் இருந்தது, ஆனால் அது பசை வைத்துச் சொருகியது இல்லை, கையில் அதிர்ச்சி ஏறாமல் இருக்க வேண்டுமென்றே இரண்டு பகுதியாகச் செய்தது. அதன் விலை அதிகம். ஒன் பீஸ் அலாய் அப்படியில்லை என்று கடைக்காரர் சொன்னார்.

"இதுல பந்து சரியா படலன்னா கையில சுள்ளுன்னு ஏறும். அதும் நல்லதுக்குத்தான், தப்பா அடிச்சா கையே சொல்லிரும். ஒடையாது. பழக்கி எடுக்கவும் வேண்டாம், முதல் நாளே அடிக்கலாம்."

டீச்சர் பிள்ளைகளிடம் மட்டையைத் தந்து ஒரு கையால் பக்கவாட்டில் நீட்டிப் பிடிக்கச் சொன்னார். கை தாழாமல் நிற்க வேண்டும். தாழ்ந்தால் அந்த மட்டை கனம் கூடுதல், வேகமாகச் சுற்ற வராது. என் மகள் நீளமான மட்டையை நீட்டினாள். கை அசையவில்லை. தம்பி மகள் அதையே பிடித்தாள். சிறிது நேரத்தில் முனை ஆடி, ஆடி, கீழே வந்துவிட்டது. அவள் மறுபடி தூக்கினாள். மறுபடி தாழ்ந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஒனக்கு இந்த நீளம் சரியா இருக்கு. இவளுக்கு ஒரு அளவு குறைச்சு வேணும். ஒண்ணுதான் எடுக்க முடியும். எது?" என்று டீச்சர் என் மகளைக் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். என் காசு, என் மகள், நீளமானதை எடு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. தம்பி கதவோரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சின்னதே எடுப்பம் டீச்சர்," என்றாள் மகள். "எனக்கு அதும் பிடிக்க வரும்."

தம்பி வந்து அந்த மட்டையை வாங்கினான். பிடியைத் தடவினான், ரப்பருக்கு அடியில் நகத்தால் கீறிப் பார்த்தான், காதருகே வைத்துக் குலுக்கினான். சத்தமில்லை. பிறகு டீச்சரிடம் சொன்னான், என்னிடம் இல்லை.

"டீச்சர், பிள்ளைய விடுதேன். ஆனா பேட் என் வீட்டுலதான் இருக்கும். அவிய வீட்டுல இருக்கப்பிடாது."

டீச்சர் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"இருக்கட்டு," என்றேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி முறத்தை அப்படியே வைத்துவிட்டாள். "அப்போ இனி கம்பு அவன் கையில. நீங்க அத வாங்கியும் குடுத்து, சிரிச்சிட்டும் வாறிய."

"விளையாட்டுச் சாமான்டி அது."

"நீங்க முதல்ல வாங்குனதும் விளையாட்டுச் சாமான்தானே? அவன் பயப்படலியா?"

அன்று முதல் வேலியோரம் வாழைக்கு உரம் வைக்கும்போதெல்லாம் என் கண் தம்பி வீட்டு வராந்தாவுக்குப் போனது. மட்டை சுவரில் சாய்ந்திருந்தால் நிம்மதி. இல்லையென்றால், எங்கே என்று தேடும். அவன் அடிக்க மாட்டான் என்று தெரியும். தெரிந்தும் கண் தேடியது. இரண்டு நாள் பூட்டிய கேட்டுக்குள் அவன் எப்படி இருந்திருப்பான் என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

காலையில் பிள்ளைகள் இருவரும் மட்டையோடு வேன் ஏறுவார்கள். சாயங்காலம் மட்டை தம்பி வீட்டுக்குப் போகும். ஆள் எடுக்கும் நாளில் நான் மைதானத்தின் ஒரு பக்கம் நின்றேன், அவன் எதிர்ப்பக்கம் நின்றான். அவன் மகள் எறிந்தவற்றில் பலதை யாராலும் தொடக்கூட முடியவில்லை. மட்டை பிடித்தபோதும் நன்றாகவே அடித்தாள். என் மகளுக்கு முதல் பந்து நுனியில் பட்டது. கையை உதறினாள். சுள்ளென்று ஏறியிருக்க வேண்டும். அடுத்தது எட்டாமல் போனது. பிறகு ஒன்று நன்றாகப் பட்டு, மணி அடித்த மாதிரி சத்தத்தோடு தூரப் போனது. ஆனால் அது ஒன்றுதான்.

தம்பி மகளை எடுத்தார்கள். என் மகளை எடுக்கவில்லை.

நீளமான மட்டையாக இருந்திருந்தால் எட்டியிருக்குமோ என்று டீச்சரிடம் கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாது. பதட்டமும் இருந்துச்சு," என்றார். அது ஆம் என்றா இல்லை என்றா எனக்கு இன்றும் தெரியாது. மகளிடம் கேட்கவில்லை. வீடு வரும்வரை அவள் பைக்கின் பின்னால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மாவட்ட அணிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி முகாம் இருந்தது. அதற்குப் புறப்படும் முந்தின நாள் மத்தியானம் தம்பி எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தான். பேச்சு நின்றபின் அவன் அங்கே கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கையில் அந்த மட்டை இருந்தது. சமையலறை ஜன்னலில் என் மனைவியின் முகம் தெரிந்து மறைந்தது. நானும் என்னை அறியாமல் ஒரு எட்டு பின்னால் வைத்துவிட்டேன். அவன் அதைப் பார்த்தான். உடனே மட்டையைத் திருப்பி, பிடி என் பக்கம் வரும்படி நீட்டினான்.

"பிள்ள கேம்புக்குப் போறா. இத கொண்டு போவட்டா?"

மட்டை அவன் வீட்டில்தான் இருந்தது. கேட்காமலே கொடுத்தனுப்பியிருக்கலாம்.

"என்கிட்ட கேக்காத. அது அவளுக்குள்ளது," என்று மகளைக் கூப்பிட்டேன்.

அவள் வந்தாள். கண் வீங்கியிருந்தது. மட்டையை வாங்கிச் சிறிது நேரம் கையில் வைத்திருந்தாள். பிடியில் சுற்றிய ரப்பர் ஒரு இடத்தில் கிளம்பியிருந்தது. அதை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"பிடியில தண்ணி படாம பாத்துக்கிடச் சொல்லுங்க சித்தப்பா. வழுக்கும்."

அவன் வாங்கிக்கொண்டான். போகவில்லை. அயனி மரத்தைப் பார்த்தான், நானும் பார்த்தேன். அது யாருடையது என்ற தகராறு அப்படியேதான் கிடந்தது, இன்றும் கிடக்கிறது. பிறகு என் மகளைப் பார்த்து, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அவ வாறதுவரைக்கும் ஒனக்கு யாரு மக்கா பந்து போடுவா?"

அவள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் பந்து எறியத் தெரியாது.

"யாரும் வேண்டாம். அவ வந்த பொறவு போடட்டு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.